ரோர்டுக்கு யாரும் மொயின் சொல்லவில்லை

அந்தத் தீவில் எதிரே யார் வந்தாலும் ‘மொயின்’ என்று வணக்கம் சொல்வார்கள். பிடிக்காதவருக்கும் சொல்வார்கள். சிலர் நாய்க்குக்கூடச் சொல்வார்கள். ரோர்டுக்கு மட்டும் ஒரு வருடமாக யாரும் சொல்லவில்லை.

குற்றம் இதுதான். பிப்ரவரியில் ஊர் கூடிக் கடற்கரையில் விறகு மலை ஒன்றை எரிக்கும். அதற்கு முன்பே பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து கொளுத்திவிட்டால் ஊர் மானம் போய்விடும். அதனால் காவல் போடுவார்கள். போன வருடம் காவலுக்குப் போன ரோர்ட் தூங்கிவிட்டார். விறகு முந்தின நாளே சாம்பலானது.

ஒன்பது வயது மாரெட்தான் அதை முதலில் கவனித்தாள். கடல் வற்றிய சேற்றில் ரோர்ட் நடந்து போனார். பின்னால் தடமே இல்லை. நண்டு போனால்கூடக் கோடு விழும் சேறு அது.

“அம்மா, ரோர்ட் மாமா நடந்தா தடம் விழல.”

“எந்த ரோர்ட்?”

“பக்கத்து வீட்டு மாமா. அதோ, வேலிகிட்ட நிக்கிறார் பாரு.”

அம்மா சன்னல் வழியே பார்த்தாள். “வேலிதான்டி இருக்கு.”

அம்மா விளையாடவில்லை. மாரெட் வெளியே போனாள்.

“மொயின், மாமா.”

அவர் மெதுவாகத் திரும்பினார். “எனக்கா சொன்ன?”

“உங்களுக்குத்தான். உங்க கோட்டு வழியா வேலி தெரியுது.”

“தெரியும். போன வாரம் கை வழியா மட்டும்தான் தெரிஞ்சுது.”

“வலிக்குதா?”

“இல்ல. அதான் பயமா இருக்கு.”

அவள் சொன்ன வணக்கத்துக்குக் கோட்டில் ஒரு பொத்தான் மட்டும் கெட்டியானது. ஒரு ஆள் போதாது என்று அவளுக்குப் புரிந்தது.

சனிக்கிழமை தீயணைப்புக் கொட்டகையில் ஊர் கூடியது. “இந்த வருஷம் காவலுக்கு யாரு?” என்றார் தலைவர் பிரார். எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

“ரோர்ட் மாமா,” என்றாள் மாரெட், மூலையைக் காட்டி.

“யாரு?”

“போன வருஷம் தூங்கினவர்.”

“அந்தத் தூங்குமூஞ்சியா?” யாரோ சிரித்தார்.

“இந்த ஊர்லயே இனிமே தூங்கவே மாட்டாத ஆளுன்னா அது அவர்தான். இல்லன்னா நீங்க போறீங்களா?”

சிரிப்பு நின்றது. பிரார் தாடியைச் சொறிந்தார். பிறகு யாருமில்லாத மூலையைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்: “ரோர்ட், நீ பாத்துக்கிறியா?”

மூலையில் கிடந்த காலி நாற்காலி கிறீச்சிட்டது.

“பாத்துக்கிறேன்.”

காவல் இரவில் பக்கத்து ஊர்ப் பையன்கள் வரத்தான் செய்தார்கள். வந்த வேகத்தில் ஓடினார்கள். ஆளே இல்லாத இடத்திலிருந்து “யார்ரா அது?” என்று குரல் வந்ததாம். கீழே விழுந்த தொப்பிகளை எடுக்கக்கூட அவர்கள் திரும்பவில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது ஊரே தன் கையால் விறகைக் கொளுத்தியது. “மொயின், ரோர்ட்,” என்றார் ஒருவர். அப்புறம் இன்னொருவர். அப்புறம் அம்மா.

பின்னாலிருந்து பிரார் முணுமுணுத்தார்: “ரோர்ட், கொஞ்சம் தள்ளி நில்லுய்யா. நெருப்பை மறைக்கிற.”

ரோர்ட் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாக நின்றுகொண்டார்.