சியெனியின் லாரி எங்கே நின்றது?

டாக்சியின் பின்னிருக்கையில் இருந்த பெண் மூன்றாவது முறையாகக் கதவைத் திறந்து மூடினாள்.

"கதவு பழசும்மா. கையோட வந்துரும்," என்றான் டாக்சி ஓட்டிய பெசமினோ.

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணே?"

"பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க. இதோ முடிஞ்சிரும்."

சங்கு ஊதி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊர் எல்லையில் இடுப்பில் லாவாலாவா வேட்டி கட்டிய இரண்டு இளைஞர்கள் சாலையோரம் கைகட்டி நின்றிருந்தார்கள். டாக்சிக்கு முன்னால் ஒரு பேருந்து நின்றது, பின்னால் மீன் ஏற்றிய ஒரு வண்டி. எல்லோரும் எஞ்சினை அணைத்திருந்தார்கள். வீடுகளுக்குள்ளிருந்து மாலைப் பிரார்த்தனைப் பாட்டு மெல்ல வந்தது. அந்தப் பெண்ணின் பாதம் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் பெயர் சியெனி. சொந்தமாக ஒரு லாரி வைத்து அரசாங்கத்துக்குச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்ப்பவள். நாளைக் காலை பத்து மணிக்கு அவளுடைய வழங்குநர் பதிவை ஐந்து வருடத்துக்கு ரத்து செய்யப்போகிறார்கள். அதற்கு முன் பெசமினோவின் அண்ணி ஃபுவாதினோவைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் தலைநகர் அபியாவில் அவன் டாக்சியைப் பிடித்திருந்தாள்.

இதைக் கேட்டதிலிருந்து பெசமினோவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அண்ணி இருபது வருடம் போலீசில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது தோட்டத்துக் கோகோவைப் பார்த்துக்கொண்டு, யாராவது சிக்கலோடு வந்தால் அதையும் பார்க்கிறார். இதுவரை பதினோரு சிக்கல்களில் தானும் உடனிருந்ததாக பெசமினோ கணக்கு வைத்திருந்தான். அண்ணியின் கணக்கில் அது நான்கு.

வீட்டை அடைந்தபோது ஃபுவாதினோ கோகோ விதைகளைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன பெசா, அஞ்சரைக்கே கெளம்பிட்டேன்னு போன்ல சொன்ன? வழியில எங்கயாவது நின்னியா?"

"எங்க அண்ணி நின்னேன்? அபியாவுல வண்டிய எடுத்தா இங்கதான் கால கீழ வெச்சேன். இவங்களக் கேளுங்க."

சியெனி தலையாட்டினாள். பிறகு பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து விதைத் தட்டின் மேலேயே வைத்துவிட்டாள்.

"அக்கா, நான் திருடலக்கா."

"காகிதத்த எடுத்துட்டு சொல்லும்மா. விதை நசுங்குது."

சியெனி சொன்னாள். டெங்கு பரவும் பருவம் இது. தெற்குக் கரையில் ஆறு ஊர்களின் மருத்துவ நிலையங்களுக்குக் கொசுவலை வேண்டும். நாளுக்கு ஓர் ஊர், ஊர் ஒன்றுக்கு நூற்றிருபது வலைகள். அறுபது சியெனியின் லாரியில், அறுபது கிரிசோமே என்பவரின் லாரியில். எல்லாப் பெட்டியிலும் அரசு முத்திரைதான், எது யாருடைய பெட்டி என்று தெரியாது. கிடங்கு மாலை நான்கு மணிக்குத்தான் சரக்கை விடும். அதனால் லாரிகள் மலையைத் தாண்டிப்போய் இருட்டும் நேரத்தில் நிலையத்து வராந்தாவில் பெட்டிகளை இறக்கிவிட்டு வரும். மறுநாள் காலை அங்கிருப்பவர்கள் எண்ணிப்பார்த்துச் சொல்வார்கள். ஆறு ஊரிலும் வந்து சேர்ந்தது அறுபதுதான்.

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் கொண்டுபோகல," என்றான் பெசமினோ.

"அது யாருன்னு ஏஐ சொல்லிருச்சு அண்ணே. நான்தானாம்."

கொள்முதல் அலுவலகம் ஒன்றரை வருடமாகச் செயற்கை நுண்ணறிவை வைத்து வழங்குநர்களுக்கு மதிப்பெண் போட்டுவந்தது. யாருக்கு ஆர்டர், யாருக்கு எச்சரிக்கை, யாரை நீக்குவது என்பதை அது பரிந்துரைக்கும். அதிகாரி கையெழுத்திடுவார்.

"அதையும் குத்தம் சொல்ல மாட்டேன்," என்றாள் சியெனி. "முன்னாடியெல்லாம் ஆபீசுல எவனாவது மச்சானா இருக்கணும். எனக்கு மொத ஆர்டர் குடுத்ததே இந்த ஏஐதான். இப்ப அதுவே என்னத் திருடின்னுது."

ஃபுவாதினோ காகிதங்களைப் புரட்டினார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் முடிவு: சரக்கு வழியில் இறக்கப்பட்டிருக்கச் சாத்தியம், தொண்ணூற்றொன்று சதவீதம். அவர் அங்கே நிற்காமல் பதினேழாம் பக்கத்துக்குப் போனார். அங்கே இரண்டு லாரிகளின் பாதைகளும் நிமிட வாரியாக இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் லாரியின் பாதைக் கோப்பைத் தானே அனுப்ப வேண்டும் என்பது விதி.

பெசமினோ தோளுக்கு மேல் எட்டிப்பார்த்தான். சியெனியின் லாரி ஆறு மாலையும் நின்றிருந்தது. ஆறும் வேறு வேறு இடங்கள். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு ஊருக்குச் சற்று முன்னால். ஆறரை மணி சுமாருக்கு, பதினைந்து முதல் இருபது நிமிடம். கிரிசோமேயின் லாரி ஆறு மாலையும் எங்கும் நிற்கவில்லை. மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"உன் டிரைவர் என்ன சொல்றான்?" என்று கேட்டார் ஃபுவாதினோ.

சியெனியின் முகம் வாடியது. "அதுதான்க்கா என்னக் கொல்லுது. படிவத்துல 'வழியில் நின்ற இடங்கள்'னு இருக்கு. பஞ்சர், டீசல், சாப்பாடு, விபத்துன்னு கட்டம் கட்டமா. ஆறு படிவத்துலயும் செதெஃபானோ 'எங்கும் நிற்கவில்லை'ன்னு எழுதியிருக்கான். ஆனா லாரி நின்னுருக்கு. ஏன்டான்னா, 'பைபிள் மேல சத்தியம், நான் எங்கயும் நிக்கல'ங்கறான். அவன் என் சித்தி மகன். பொய் சொல்ற பய இல்ல."

பெசமினோவுக்குப் பொறி தட்டியது. "அண்ணி, வெளங்கிருச்சு! ஊருக்கு ஒருத்தி. ஆறு ஊர், ஆறு பொண்ணு. சொல்ல வெக்கப்படறான். அவளுக கேட்டா ஆளுக்கு அறுபது வலை குடுக்க மாட்டானா?"

"ஆறு காதல், ஆளுக்கு இருபது நிமிஷம், அதுலயும் கொசுவலை," என்றார் ஃபுவாதினோ. "நீ கல்யாணம் பண்ணாம இருக்கறது ஏன்னு இப்பப் புரியுது."

சியெனிக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது. உடனே கண் கலங்கியது.

"பெசா," என்றார் ஃபுவாதினோ, "நீ வழியில எங்கயும் நிக்கலன்னு சொன்னல்ல?"

"எத்தன தடவ அண்ணி சொல்றது? நிக்கல."

ஃபுவாதினோ அதை ஒரு காகிதத்தில் எழுதி, நேரமும் போட்டு, அவனிடமே நீட்டினார். "கையெழுத்துப் போடு."

அவன் குழப்பத்தோடு போட்டான்.

"இந்தக் கிரிசோமே எந்த ஊரும்மா?"

"பொறந்து வளந்தது ஆக்லாந்துல. மூணு வருஷம் முன்னாடிதான் வந்தாரு. அபியா நடுவுல கடை, மாடியில வீடு. டவுன விட்டு வெளிய வரவே மாட்டாரு."

"சரி. காலையில உன் டிரைவரையும் கூட்டிட்டு வந்துரு. தூங்கு."

சியெனி தூங்கினாளோ இல்லையோ, பெசமினோ தூங்கவில்லை.

காலை ஒன்பதரைக்குக் கொள்முதல் அலுவலகத்தில் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதிகாரி மகெரிதா கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். திரையில் ரத்து ஆணை கையெழுத்துக்காகக் காத்திருந்தது. செதெஃபானோ தலை நிமிரவே இல்லை. சாட்சியாக அழைக்கப்பட்டிருந்த கிரிசோமே இஸ்திரி போட்ட பூச்சட்டையில் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். பெசமினோ, உட்கார இடம் இருந்தும், ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

"பத்து நிமிஷம்தான் தர முடியும்," என்றார் மகெரிதா. "எனக்கும் மேல பதில் சொல்லணும். மூணு ஊர்ல புள்ளைங்களுக்குக் காய்ச்சல்."

"போதும்மா," என்ற ஃபுவாதினோ கிரிசோமேயின் பக்கம் திரும்பினார். "உங்க லாரி பிரமாதம் சார். ஆறு நாள்ல ஒரு நிமிஷம்கூட எங்கயும் நிக்கல."

கிரிசோமே சிரித்தார். "நேரம்தான் என் முதலாளி. டிரைவர்கிட்ட ஒரே பேச்சுதான். எது வந்தாலும் வண்டி நிக்கக்கூடாது."

"யாரோ ஒரு டிரைவர நம்பி விட்டீங்களா, இல்ல நீங்களும் போனீங்களா?"

"அரசாங்கச் சரக்காச்சே. ஆறு நாளும் நானே பக்கத்துல உக்காந்து போனேன்."

"நல்லது. பெசா, நேத்து நீ கையெழுத்துப் போட்டதப் படி."

பெசமினோ சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்தான்: "அபியாவிலிருந்து அண்ணி வீடுவரை வழியில் எங்கும் நிற்கவில்லை."

"இது உண்மையா சியெனி?"

"உண்மைதான்க்கா."

"அப்ப சங்கு ஊதினப்ப ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?"

பெசமினோ காகிதத்தை மறுபடி பார்த்தான். "அது... ஊர் எல்லையில. ஆனா அண்ணி, அது நிக்கிறதா? அது பிரார்த்தனை!"

செதெஃபானோ முதல் முறையாகத் தலை நிமிர்ந்தான்.

"தம்பி, ஆறரை மணிக்கு நீ என்ன செஞ்ச?" என்று கேட்டார் ஃபுவாதினோ.

"ஊர் கும்புடும்போது நானும் கும்புட்டேன்," என்றான் செதெஃபானோ. "தினமும் எந்த ஊரு வருதோ அந்த ஊரு எல்லையில. முடிஞ்சதும் போனேன். இத யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா? மூச்சு விட்டேன்னும் எழுதணுமா?"

மகெரிதா கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பையன் பொய் சொல்லல," என்றார் ஃபுவாதினோ. "ஏஐயும் பொய் சொல்லல. லாரி நின்னதப் பாத்துச்சு. பஞ்சர், டீசல், சாப்பாடு, விபத்து, இந்த நாலுல எதுவும் இல்லன்னதும் திருட்டுன்னு நெனச்சுக்கிச்சு. அதுக்கு யாரும் அஞ்சாவதா ஒரு காரணம் சொல்லிக் குடுக்கல. ஆறு நாளும் வேற வேற இடம், ஆனா ஒரே நேரம். களவாணி ஒரே இடத்த வெச்சுக்குவான், நேரத்த மாத்துவான். இங்க தலைகீழா இருக்கு. சங்குதான் நேரத்த முடிவு பண்ணியிருக்கு."

"சரி, நின்னதுக்குக் காரணம் இருக்கு," என்றார் கிரிசோமே. "அதனால வலை வந்துருமா?"

"நின்ன லாரியப் பத்திப் பேசி முடிச்சாச்சு சார். இப்ப நிக்காத லாரி." ஃபுவாதினோ பதினேழாம் பக்கத்தை மகெரிதாவின் முன் தள்ளினார். "அம்மா, புதன்கிழமை ஆறு முப்பத்தஞ்சு. இவரு லாரி எங்க இருக்குன்னு பாருங்க."

மகெரிதா விரலை வைத்துத் தேடினார். "சாலேவா. எங்க ஊரு. ஊருக்கு நடுவுல... நாப்பது கிலோமீட்டர் வேகத்துல..." அவர் குரல் தேய்ந்தது. "ஆறு முப்பத்தஞ்சுக்கா?"

"உங்க ஊர்ல எல்லையில யாரு நிக்கிறா?"

"என் தம்பி."

மகெரிதா தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். "டேய், போன புதன்கிழமை பிரார்த்தனை நேரத்துல நீதான நின்ன? ஊருக்குள்ள லாரி ஏதாவது போச்சா?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "லாரியா? போயிருந்தா அது இன்னும் இங்கதாங்கா கெடக்கும். ரெண்டு பன்னி அபராதம் கட்டிட்டுத்தான் டிரைவர் வீட்டுக்குப் போயிருப்பான். யாரு சொன்னா?"

"அப்பறம் பேசறேன்," என்று மகெரிதா வைத்தார்.

கிரிசோமேயின் கை கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தது. "வேற வழியில சுத்திப் போயிருக்கலாம். எனக்கு ஞாபகமில்ல..."

"தெற்குக் கரைக்கு வேற ரோடு இருக்கா சார்?" என்றான் பெசமினோ. அவனால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. "முப்பது வருஷமா டாக்சி ஓட்டுறேன், எனக்குத் தெரியாதே!"

"அந்தக் கோப்பு ரோட்டுல பொறக்கல," என்றார் ஃபுவாதினோ. "மேசையில பொறந்தது. எந்த ஊருக்கு எத்தனை நிமிஷம்னு வரைபடத்தப் பாத்து நிரப்பியிருக்கு. டவுன்ல சாயங்காலம் வண்டி ஓடிட்டே இருக்கும். அங்கயே இருக்கறவருக்குச் சாயங்காலம்னா வெறும் சாயங்காலம்தான். நிக்காம போனா மதிப்பெண் ஏறும்னு மட்டும் அவருக்குத் தெரியும். முந்நூத்தறுபது வலை எங்க சார்?"

கிரிசோமே மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடைக்குப் பின்னாடி கொட்டகையில. ஒரு ஓட்டல்காரன் கேட்டிருந்தான். இன்னும் குடுக்கல."

மகெரிதா எழுந்துபோய்க் காவலருக்குச் சொல்லிவிட்டு வந்தார். கிரிசோமேயைக் கூட்டிப்போனதும் அறை திடீரென்று பெரிதானதுபோல இருந்தது.

"வலைய எடுத்துட்டு இன்னைக்கே போறியாம்மா?" என்று மகெரிதா சியெனியைக் கேட்டார்.

"இப்பவே போறேன். மொதல்ல அதுல எம்பேர எடுங்க. இவன் பொய் சொன்னான்னு எழுதியிருக்கே, அதையும்."

மகெரிதா ரத்து ஆணையை நிராகரித்தார். திரை காரணம் கேட்டது. இதுவரை அவர் அந்தக் கட்டத்தில் எதையும் எழுதியதில்லை. எப்போதும் ஏற்பு, கையெழுத்து, அடுத்தது. இன்று இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பிரார்த்தனை நேரம் பற்றி நான்கு வரி எழுதினார். தன் பெயரையும் சேர்த்தார்.

திரை ஏற்றுக்கொண்டது. கீழே ஒரு வரியும் நான்கு பெயர்களும் வந்தன: வழியில் நின்றதற்காக முன்பு நீக்கப்பட்ட வழங்குநர்கள், நால்வர்.

எழுந்து நின்ற சியெனி மறுபடி உட்கார்ந்தாள். பெயர்களைப் படித்தாள். இரண்டாவது பெயரில் அவள் விரல் நின்றது.

"பாலேபுவா," என்றாள். "பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொண்டுபோனவரு. தெற்குக் கரைக்குத்தான். பெஞ்சத் திருடிட்டாருன்னு ஊரே பேசிச்சு. நானும்தான் பேசினேன். லாரிய வித்துட்டு நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போயிட்டாரு."

"அவரு ஓட்டினதும் சாயங்காலமா?" என்று பெசமினோ கேட்டான். அண்ணி ஏதாவது சொல்வார் என்று பார்த்தான். அவர் மகெரிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலுலயும் என் கையெழுத்துதான்," என்றார் மகெரிதா மெதுவாக.

பாலேபுவாவின் கோப்பில் இருந்த எண்ணைத் தேடி அழுத்தினார். வெகு நேரம் மணி அடித்தது. பிறகு காற்றின் இரைச்சலும், ஆட்கள் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தமும், நடுவில் ஒரு களைத்த குரலும் கேட்டன.

"பாலேபுவாங்களா? அபியாவுலருந்து பேசறேன். அரசுக் கொள்முதல் அலுவலகம்."

அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மகெரிதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் அதே எண்ணை அழுத்தினார்.