முப்பத்தொரு வினாடி

தேங்காய்ச் சட்னி பதினொரு வினாடி என்று பகுப்பான் சொன்ன அன்றே சமையல்காரர் பெட்டியைக் கட்டிவிட்டார். அதற்கு முந்தின வருஷம் உடம்பு பிடித்துவிடுகிறவர் போனார். அவர் பதின்மூன்று வினாடி. 'பத்து வினாடிக்கு மேல் இழக்க வைக்கும் எதுவும், எவரும் அணியில் இருக்கலாகாது' என்பது அலைகடல் மிதிவண்டி அணியின் விதி. அதை எழுதியவர் அணியின் இயக்குநர் ஞானவரதன். எழுதியதோடு நிற்காமல், சாமி படம் மாதிரி சட்டம் போட்டு அணிப் பேருந்துக்குள் மாட்டியும் வைத்திருந்தார்.

பகுப்பான், மூன்றடுக்கு டிபன் கேரியர் அளவுள்ள ஒரு கருவி. பயிற்சிக்கூடத்து நிலைவண்டியில் ஓட்டவிட்டு, ஒருத்தியின் நெஞ்சும் நுரையீரலும் தொடையும் எவ்வளவு தாங்கும் என்று முதலில் அளந்துகொள்ளும். அதை வைத்து, இன்ன தூரத்தை இவள் இத்தனை நிமிஷத்தில் கடப்பாள் என்று கணக்குச் சொல்லும். போட்டி முடிந்ததும், கணக்குக்கு மேல் ஆன ஒவ்வொரு வினாடியையும் கூறு போட்டுக் காரணத்தோடு சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடும். காற்று ஒன்பது, தூக்கம் நான்கு, டயர் இரண்டு. முகதாட்சண்யமே கிடையாது அதற்கு.

சீட்டின் கடைசி வரி மட்டும் 'தெரியாதது' என்று வரும். அணியின் நான்கு பெண்களுக்கும் அந்த வரியில் இருபத்தைந்து, முப்பது என்று வராத நாளில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட ஞானவரதனுக்கு மனசு வருமா? பேனாவை எடுத்து அவரே நிரப்பிவிடுவார். நசீமாவுக்கு 'சோம்பல்'. எழிலரசிக்கு 'காதல்'. ரூபாவதிக்கு 'கைப்பேசி'. முப்பத்து நான்கு முடிந்த சுயம்புகனிக்கு, ஆறு போட்டியாக, ஒரே சொல்: 'வயது'.

தை மாதத்து முதல் போட்டி, ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இருபது கிலோமீட்டர். தனியோட்டம். இரண்டு நிமிஷத்துக்கு ஒருத்தியாகக் கிளப்பிவிடுவார்கள். கடிகாரத்தோடு மட்டும்தான் சண்டை. இதில் வருகிற சீட்டைப் பார்த்துத்தான் ஒருத்தி அந்த வருஷம் அணியில் இருப்பாளா, ஊருக்குப் போவாளா என்று முடிவாகும். ஏழாவது தடவையும் கடைசி வரி பத்தைத் தாண்டினால் வண்டியை ஒப்படைத்துவிட வேண்டியதுதான் என்று கனியிடம் முன்தினமே சொல்லியாயிற்று. பதினாறு வயதில் ஏறியவள் அவள். வண்டியை விட்டு இறங்கிவிட்டால் காலையில் எழுந்து என்ன செய்வது என்பதே அவளுக்குத் தெரியாது.

நம்பிக்கை இல்லாதவர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள். அணியில் முதல் ஆள் கனி. மற்ற மூவரின் முறை ரொம்பப் பின்னால்.

கிளம்பிய நொடியிலேயே காதுக்குள் இருந்த செவிமணியில் ஞானவரதன் ஆரம்பித்துவிட்டார். அவர் இருந்தது இருபது கிலோமீட்டர் தள்ளி, முடிவுக்கோட்டருகே பேருந்தில், ஒலிவாங்கியும் ஃபிளாஸ்க் காப்பியுமாக.

"தலையைத் தாழ்த்து கனி."

"சரி சார்."

"இடது முழங்கை வெளிய போகுது."

"சரி சார்."

"மூச்சை ஒரே சீரா விடு."

"சரி சார்."

இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல், நடுவே நூல் பிடித்த மாதிரி சாலை. வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து விலாவில் குத்தியது. ஆரல்வாய்மொழிக்காரிக்குக் காற்றைப் பற்றி யாராவது சொல்லித்தர வேண்டுமா? காற்றாலைகளுக்கு நடுவே பள்ளிக்கூடத்துக்கு வண்டி மிதித்தவள். காற்று மூச்சு வாங்குகிற இடைவெளியில் அமுக்கி மிதிக்க வேண்டும், சீறும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அதன் சத்தம் காதில் விழ வேண்டுமே!

மூன்றாவது கிலோமீட்டரில் செவிமணி சொன்னது:

"வயசை ஒத்துக்கிட்டு ஓட்டு கனி. அதுல ஒண்ணும் அவமானம் இல்லை."

"சரி சார்."

சொன்ன பிறகுதான் தன் வாய் என்ன சொல்லியது என்று அவளுக்கு உறைத்தது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அவர்மேல் பாதி, தன் வாயின்மேல் பாதி. இதற்கும் சரியா? குழியில் இறங்கிப் படு என்றாலும் சரி சார்தானா? ஒரு கையைப் பிடியிலிருந்து எடுத்து, செவிமணியைப் பிடுங்கி, சட்டைக் கழுத்துக்குள் போட்டாள். போட்டியில் அதைக் கழற்றுவது அணியில் பெரிய குற்றம். வருவது வரட்டும்!

காதுக்குள் காற்று வந்து நிறைந்தது. அப்பாடா, என்ன சுகம்! சீறல், பிடி. ஓய்வு, மிதி. சீறல், பிடி. நெஞ்சுக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். சர்ச் இடிபாடு தெரிந்தபோது, தனக்கு முன்னால் கிளம்பியவளைத் தாண்டியிருந்தாள். அடுத்த ஐந்து கிலோமீட்டரில் இன்னொருத்தி. கால் எரிந்தது, கண்ணில் உப்பு கரித்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டே மிதித்தாள்.

இருபத்தேழு நிமிஷம் இரண்டு வினாடி. பலகையில் அதுவரை யாரும் எட்டாத நேரம்.

கோட்டைத் தாண்டி அவள் இறங்குவதற்குள் ஞானவரதன் பாய்ந்து வந்தார். முகம் பழுத்த மிளகாய்.

"செவிமணி எங்க? யாரைக் கேட்டுக் கழட்டின? இருபது நிமிஷமா கழுதையா கத்துறேன்! நீ அணியிலயே இல்லை, கிளம்பு!"

"முதல்ல நேரத்தப் பாருங்க சார்," என்றாள் கனி, மூச்சு வாங்க.

"நேரம் கிடக்குது. ஒழுங்கு முக்கியம்!"

குடைக்கடியில் உட்கார்ந்திருந்த மெய்யம்மை ஆச்சி எழுந்து வந்தார். அணியின் உரிமையாளர், அதிகம் பேசமாட்டார், பேசினால் திருப்பிக் கேட்க முடியாது. "சீட்டு வரட்டும் வரதன். உங்க விதிப்படி அதுதானே தீர்ப்பு?"

பகுப்பான் சீட்டைத் துப்பியது. ஆச்சி உரக்கவே படித்தார்.

"கணக்கிட்ட நேரத்தைவிட இரண்டு வினாடி முன்னே. தெரியாதது, சுழி." அவர் புருவம் உயர்ந்தது. "கீழே என்னமோ புதுசா எழுதியிருக்கே. 'முன்னைய ஆறு ஓட்டங்களிலும் கடைசிவரை இருந்து, இந்த ஓட்டத்தில் மூன்றாவது கிலோமீட்டரோடு நின்றது, இயக்குநரின் குரல். எப்போதும் கூடவே இருக்கும் ஒன்றை நான் அளக்க இயலாது. அது விலகியதால் இன்று அளந்தேன். இயக்குநரின் குரல், முப்பத்தொரு வினாடி.'"



"அபத்தம்!" என்றார் ஞானவரதன். "ஒரே ஒரு ஓட்டத்தை வச்சு எப்படிச் சொல்லும்? என் குரல் எப்படிம்மா வண்டியைப் பிடிச்சு இழுக்கும்?"

ஆச்சி அதையே பகுப்பானிடம் கேட்டார். பதில் உடனே வந்தது. போன ஓட்டத்தில் இயக்குநர் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பேசினார். சுயம்புகனி இருநூற்றுப் பன்னிரண்டு தடவை 'சரி சார்' என்றாள். ஒவ்வொரு 'சரி சார்'க்கும் மூச்சு ஒருமுறை அறுபடுகிறது, தலை மரியாதையாக ஒரு விரற்கடை அசைகிறது.

கனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆறு போட்டி! ஆறு போட்டியாக வயது வயது என்று கண்ணாடி முன்னால் நின்று நரையைத் தேடினாளே! போனது எல்லாம் மரியாதையில்.

"நியாயமா பார்ப்போம்," என்றார் ஆச்சி. "இன்னும் மூணு பிள்ளைக கிளம்பலை. அவங்களும் செவிமணி இல்லாம ஓட்டட்டும். நீங்க இங்கயே என் பக்கத்துல உட்காருங்க."

ஞானவரதன் உட்கார்ந்தார். பேச ஆளில்லாமல் வாய் தானாக அசைந்துகொண்டிருந்தது. "முதுகு... முதுகைத் தாழ்த்து..." என்று காற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து சேர்ந்தார்கள். ரூபாவதிக்கு இருபத்து நான்கு வினாடி மீந்தது. நசீமாவுக்கு இருபத்தெட்டு. எழிலரசிக்கு முப்பத்து மூன்று.

"அப்போ எனக்குக் காதல் இல்லையா?" என்று எழிலரசி ஏமாற்றத்தோடு கேட்க, சிரிப்பில் பேருந்தே அதிர்ந்தது.

போட்டியின் முதல் நான்கு இடங்களும் அலைகடல் அணிக்கே. அணி பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு நாள் வந்ததில்லை. பத்திரிகைக்காரர்கள் கனியைத் தூக்காத குறை. மேடையில் மாலையைப் போட்டுக்கொண்டு நின்றவள், கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து ஒரு கூவல் போட்டாள். ஆரல்வாய்மொழிக்கே கேட்டிருக்கும்.

எல்லாம் ஓய்ந்தபின் ஆச்சி பேருந்துக்குள் வந்து, சட்டம் போட்ட விதியின் முன்னால் நின்றார். விரலால் காட்டினார், அவ்வளவுதான்.

தான் வெட்டிய குழியை ஞானவரதன் இரண்டு முறை படித்தார். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். "சரி ஆச்சி," என்றார், தலையை ஒரு விரற்கடை தாழ்த்தி.

கனி ஓடிப்போய் வாசலில் அவரை மறித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன இருந்தாலும் பத்து வருஷம் காதுக்குள் இருந்த மனுஷர். "கோவப்படாதீங்க சார். அடுத்த போட்டிக்கு வந்து கோட்டுக்கிட்ட நில்லுங்க. கை மட்டும் தட்டுங்க, போதும்." அவர் எதுவோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, அவள் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

"இனிமே யாரு சொல்றதைக் கேட்கிறது?" என்று நசீமா கேட்டாள்.

"பகுப்பான் இருக்கே," என்றாள் ரூபாவதி. "அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கனி அந்த டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எப்பவும் கூடவே இருக்கதை அளக்க முடியாதுன்னு இதுதான சொல்லிச்சு? அப்போ எப்பவும் நம்மகூடவே இருக்கது இன்னும் ஒண்ணு உண்டுல்லா?"

யாருக்கும் முதலில் புரியவில்லை. ஆச்சிக்குப் புரிந்தது. அவர் கேள்வியைப் பகுப்பானிடம் போட்டார்.

கண் சிமிட்டுவதற்குள் பதில் சொல்கிற கருவி, அன்று மூன்று முழு வினாடி எடுத்துக்கொண்டது. பிறகு சீட்டு வந்தது. 'நான். அடுத்த போட்டியில் என்னை அணைத்து வைக்கவும்.'

ஆச்சி அதை உரக்கப் படித்ததுதான் தாமதம், நான்கு பெண்களின் தலைகளும் ஒரு விரற்கடை தாழ்ந்தன.

"சரி சார்!"

சொல்லிவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். முதலில் வெடித்தது எழிலரசிதான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட கனி, அடுத்த போட்டி வரைக்கும் காத்திருக்காமல் பொத்தானை அப்போதே அமுக்கினாள்.