நாலாம் எண் சாவி

1976 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. காலை 6.05.

பெண்கள் வார்டின் ஆறாவது கட்டில் காலியாகக் கிடந்தது. போர்வை ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. அந்தக் கட்டிலுக்குரிய ஆறுமுகத்தாயைக் காணோம்.

முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது ஆறுதல் இல்லம். உயிரை வெறுத்துப்போனவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள அரசாங்க உரிமம் பெற்ற இடம். மொத்தம் பதினாறு கட்டில். ஆறுமுகத்தாய் உப்பளத்தில் வேலை பார்த்தவள், இருபத்துமூன்று வயது. தலைப்பிள்ளையைப் பிறந்த ஒன்பதாம் நாளே பறிகொடுத்தவள். மூன்று மாதம் கழித்துக் கடலுக்குள் இறங்கிவிட்டாள். மீனவர்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். ‘தனியே விடக்கூடாது’ என்று அவள் சீட்டில் டாக்டர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்.

7.40. பர்னபாஸ் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அறுபது வயசுக்கு அது ஓட்டம்தான்.

அவர் போலீஸ்காரர் இல்லை. பஞ்சாலையில் ஆட்களின் வருகை நேரம் பதியும் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இல்லத்தை மாதம் ஒருமுறை மேற்பார்வை செய்யக் கலெக்டர் நியமித்த பார்வையாளர். இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே ஒருவர் செத்தபோது, காவலாளி சுற்றிவந்தானா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆலையில் இருப்பதுபோல் காவல் கடிகாரம் வாங்குங்கள் என்று அப்போது எழுதிக் கொடுத்தவர் இவர்தான்.

விஷயம் சின்னது. கடிகாரம் காவலாளியின் தோளில் தொங்கும். நான்கு இடங்களில் சுவரில் ஆணியடித்து, சங்கிலி போட்டு ஒவ்வொரு சாவி. மணிக்கொருதரம் அந்தந்த இடத்துக்குப் போய்ச் சாவியைக் கடிகாரத்தில் திருகினால், உள்ளே இருக்கும் வட்டக் காகிதத்தில் சாவியின் எண் குத்தும். போகாதவன் போனதாகச் சொல்ல முடியாது. ஒன்று வாசல், இரண்டு சமையலறை, மூன்று ஆண்கள் வார்டு, நான்கு பெண்கள் வார்டு.

“வாங்க அண்ணாச்சி” என்றார் மேனேஜர் வில்பிரட். முகம் வெளிறியிருந்தது. வலது உள்ளங்கையில் அப்பியிருந்த சுண்ணாம்பைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பயத்தில் சுவரைப் பிடித்தபடி நடந்திருப்பார் என்று பர்னபாஸ் நினைத்தார்.

மேஜைமேல் ராத்திரிக் காகிதம் விரித்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை அதில் விரலை வைத்தார்.

“கடைசிச் சுத்துல, அஞ்சு மணிக்கு நாலாம் எண் குத்தியிருக்கு. ஆறு அஞ்சுக்கு ஆளக் காணல. இடையில ஒரு மணி நேரம். அந்நேரம் பஸ் கிடையாது. நடந்துதான் போயிருக்கணும். அவளுக்குத் தெரிஞ்ச வழி கடல்தான? காவலாளி சுடலைமாடனையும் சேர்த்து என் ஆளுக எல்லாரையும் ஆறேகாலுக்கே கரைக்கு அனுப்பிட்டேன்.”

“காகிதம் பொய் சொல்லாது” என்றார் பர்னபாஸ். கரையில் அவளை எந்தக் கோலத்தில் கண்டெடுப்பார்களோ?

8.05. பெண்கள் வார்டு. ஆயா முப்பிடாதி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ராத்திரி எங்கன படுத்தே?” என்று கேட்டார் பர்னபாஸ்.

“இங்கனதான் ஐயா. கதவுப் பக்கம்.”

“கடைசியா அவளப் பாத்தது?”

“அஞ்சு மணிக்கு. தூங்கிட்டிருந்தா.”

“கதவுப் பூட்டு?”

“காலையில பாத்தா சும்மா மாட்டிக் கெடந்துச்சு. நாந்தான் அமுக்காம விட்டுட்டேன் போல.”

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அந்தோணியம்மாள். நாலு வருஷமாக இங்கே இருக்கும் கிழவி. தினமும் ஜன்னலிடம் பேசுகிறவள் என்பதால் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

“அஞ்சு மணியாமே! ராத்திரி எட்டு மணிச் சங்கு ஊதயில அவ போயாச்சு. குடிக்கக் குடுத்த பாலைச் செம்புல ஊத்தி, சேலைக்குள்ள வச்சிக்கிட்டுப் போனா. பாத்துப் போ மக்ளேன்னு சொன்னேன்.”

“அதுக்கு ராத்திரி பகல் தெரியாது சார்” என்றார் வில்பிரட்.

பர்னபாஸும் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். காகிதம் ஐந்து மணி என்கிறது, கிழவி எட்டு மணி என்கிறாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம், காகிதத்தின் பக்கம் போய் நின்றுகொண்டது.

வார்டுக்குள் கதவை ஒட்டிய சுவரில் நாலாம் எண் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சுவர் புத்தம் புதுசாக வெள்ளையடித்தது. டிசம்பரில் சென்னையிலிருந்து டைரக்டர் வரப்போகிறார் என்று இல்லம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சங்கிலிக்குக் கீழே சுவர் பளிச்சென்று இருந்தது. பர்னபாஸ் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஆண்கள் வார்டுக்குப் போனார்.

மூன்றாம் எண் சங்கிலிக்குக் கீழே, அது ஆடி ஆடி உரசிய இடத்தில், பிறை வடிவத்தில் துருக்கறை. சமையலறையில் இரண்டாம் எண்ணுக்குக் கீழேயும் அப்படியே. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடுமா? வாசல் காவல் அறையில் முதலாம் எண்ணுக்குக் கீழேயும் கறை இருந்தது. பக்கத்தில் ஒரு முருகன் காலண்டர். அதைத் தூக்கிப் பார்த்தார்.

காலண்டருக்குப் பின்னால் வெறும் ஆணி. ஆணிக்குக் கீழே இன்னொரு துருப்பிறை.

நாலாம் எண் சாவி இத்தனை நாள் இங்கேதான் தொங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் வந்து, மேனேஜர் அறையில் காபி குடித்து, காகிதங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ‘கண்காணிப்பு முறையாக நடக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒரு தடவையாவது வார்டுச் சுவரைப் பார்த்தாரா? இல்லை.

8.25. பர்னபாஸ் மேனேஜரையும் சப்-இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு மறுபடி பெண்கள் வார்டுக்கு வந்தார்.

“முப்பிடாதி, அந்தப் பிள்ளை செத்துருவா. ஒவ்வொரு நிமிஷமும் போயிட்டிருக்கு. ராத்திரி நீ எங்கே இருந்தே?”

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

“அங்க என்ன பார்வை? என்னைப் பாரு.”

“மேனேஜர் ஐயா வீட்டுல” என்று உடைந்தாள். “அவுக மகளுக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்திருக்கு. டிசம்பர்ல இருந்து ராத்திரி ராத்திரி என்னை அங்கனதான் வரச் சொல்லுதாக. எட்டு மணிக்கு முன்னாடி கதவைப் பூட்டிட்டுப் போவேன், விடிய வருவேன். நேத்து அவசரத்துல பூட்டை அமுக்காம விட்டுட்டேன். கம்பிக் கதவு வழியா கைய விட்டுக் கழட்டியிருப்பா...”

பொன்னுதுரை எழுந்தேவிட்டார். “அப்போ எட்டு மணிக்கே போயிட்டாளா? பன்னெண்டு மணி நேரம் ஆச்சே! கடலுக்குப் போயிருந்தா இந்நேரம்...”

“பொறுங்க” என்றார் பர்னபாஸ். “பாலைச் செம்புல எடுத்துட்டுப் போனான்னு அந்தக் கிழவி சொல்லிச்சு. பால் யாருக்கு? பிள்ளையப் புதைச்ச இடத்துல ஊத்தத்தான். புதைச்சது எங்கே?”

“புருஷன் வீட்டு விலாசம் முத்தையாபுரம்னு இருக்கு” என்றார் பொன்னுதுரை. “இங்கனதான் இருக்கும்.”

“மேனேஜர் மக எங்கே வந்திருக்கு? தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான? பிறந்து ஒன்பது நாள்ல பச்சை உடம்புக்காரிய யாராவது புருஷன் வீட்டுக்கு அனுப்புவாகளா? பிள்ளை பிறந்ததும் போனதும் அவ அம்மா ஊருல. எந்த ஊரு?”

முப்பிடாதி கண்ணைத் துடைத்தாள். “கயத்தாறுக்கு மேக்க, மானாவாரிக் காட்டுக்குள்ள ஒரு ஊருன்னு சொல்லுவா. பிள்ளையைக் கிணத்துப் பக்கம் வச்சிருக்குன்னு சொல்லுவா.”

கிணறு என்றதும் பொன்னுதுரை டெலிபோனுக்கு ஓடினார்.

8.40. கயத்தாறு காவல் நிலையத்துக்கு, மற்ற அழைப்புகளையெல்லாம் முந்தும் லைட்னிங் கால். கிடைக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. ஆளின் அடையாளமும், மேற்கே கிணற்றுப் பக்கம் பச்சைப்பிள்ளையைப் புதைத்த ஊர் எது என்று விசாரிக்கவும் சொல்லி, இரண்டு பேரைச் சைக்கிளில் விரட்டச் சொன்னார் பொன்னுதுரை.

“உப்பு லாரி ராத்திரி எட்டரைக்கு ரோட்டுக்கு வரும்” என்றார் பர்னபாஸ், தனக்குத் தானே தைரியம் சொல்வதுபோல. “உப்பளத்துப் பிள்ளை. டிரைவருகளுக்குத் தெரிஞ்ச முகம். ஏத்திக்கிட்டிருப்பான்.”

9.10. இன்னும் டெலிபோன் மணி அடிக்கவில்லை.

“நாலாம் சாவியக் கொண்டுபோய்க் காவல் அறையில மாட்டுனது சுடலைமாடன்தான்” என்றார் வில்பிரட் திடீரென்று. “சோம்பேறிப் பய. எனக்கு எதுவும் தெரியாது அண்ணாச்சி.”

பர்னபாஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். பயம் இருந்த இடத்தில் இப்போது கோபம் வந்து உட்கார்ந்திருந்தது.

“ஆயா இல்லாத பெண்கள் வார்டு. வெளியே பூட்டு. காவலாளி எப்படி உள்ளே போயி சாவியத் திருகுவான்? அதனால சாவியே அவன்கிட்ட வந்துருச்சு. அவன் தப்பு பண்ணாம இல்ல, வாசல்ல உக்காந்துக்கிட்டே நாலாம் எண்ணைக் குத்தியிருக்கான். எட்டு மணிக்கு மத்த ரெண்டு சாவியத் திருக அவன் உள்ளே போனப்பதான் அவ வாசலத் தாண்டியிருக்கணும். ஆனா ஆயாவை வீட்டுக்குக் கூப்பிட்டது யாரு? இன்னைக்கு அந்தச் சாவி வார்டுச் சுவருல தொங்குது, கீழே ஒரு துளி துரு இல்ல. காலையிலதான் திரும்பி வந்திருக்கு. சுடலைமாடன் ஆறேகால்ல இருந்து கடற்கரையில நிக்கான். நான் வரும்போது உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்போட நின்னது யாரு வில்பிரட்?”

வில்பிரட் உட்கார்ந்துவிட்டார்.

“ஆளக் காணலன்னதும் சாவிய மாட்ட ஓடியிருக்கீரு. அந்தக் காகிதத்தைக் காட்டி ஒரு போலீஸ் படையவே தப்பான பக்கம் அனுப்பியிருக்கீரு. எட்டு மணியில இருந்தே வார்டுல ஆயா இல்லன்னு ஆறு மணிக்குச் சொல்லியிருந்தா, ரெண்டரை மணி நேரம் மிச்சம்.”

“மக பிரசவம்...” என்று ஆரம்பித்தார் வில்பிரட்.

9.35. டெலிபோன் மணி அடித்தது. எடுக்கப் போன பொன்னுதுரையை முந்திக்கொண்டு பர்னபாஸே எடுத்தார். காதில் இரைச்சல். பிறகு கயத்தாறு ஏட்டின் குரல்.

“ஆளு இருக்கு சார். உயிரோட இருக்கு. கிணத்து மேட்டுல உக்காந்திருந்துச்சு. ஆடு மேய்க்க வந்த பொம்பள ஒருத்தி விடியக்காலத்துல இருந்து கையப் பிடிச்சுக்கிட்டே கூட உக்காந்திருக்கா. அவ விட்டுட்டு எந்திரிச்சிருந்தா என்ன ஆயிருக்குமோ, சொல்ல முடியாது.”

பர்னபாஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார்.

“சார், லைன்ல இருக்கீகளா? ரிப்போர்ட் எழுதணும். தற்கொலை முயற்சின்னு சட்டப்படி கேஸ் இருக்கு. அந்தப் பிள்ளை பேருல எழுதிரட்டுமா?”

“அவ பேருல வேண்டாம்” என்றார் பர்னபாஸ். “கேஸ் இங்கன இருக்கு. எழுதிக்கிடுங்க. ஒண்ணு, மேனேஜர் வில்பிரட். ரெண்டு, காவலாளி சுடலைமாடன். மூணு, ஆயா முப்பிடாதி. நாலு, பார்வையாளர் பர்னபாஸ்.”

“பார்வையாளரா? அவரு என்ன சார் செஞ்சாரு?”

“பாக்கல” என்றார் பர்னபாஸ்.