விளிம்பில் இருந்த பெயர்

ஜெய்னுதீன், வயது இருபத்திரண்டு, நாகூர்க்காரன், மலாயாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் மூடிக்கிடந்த ஒரு துணிக்கடையின் பின்னறையில் தங்கியிருந்தவன். ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் ஒரு சாயங்காலம், அவன் அரத்தைக் கீழே வைத்த பிறகும் அராவுகிற சத்தம் நிற்கவில்லை.

எலியாக இருக்கும் என்று நினைத்தான். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்க, நனைந்த துணிமூட்டைகளின் புழுங்கலும் பக்கத்து வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வேகும் வாடையும் கலந்து வர, எல்லாவற்றுக்கும் நடுவே அந்தச் சத்தம் மட்டும் அவசரமில்லாமல் போய்வந்தது. கர்ர். கர்ர். அவன் மடியில் கன்னையாவின் பதக்கம் கிடந்தது.

முந்தைய சண்டையில் வெள்ளைக்காரனுக்காக பஸ்ராவில் துப்பாக்கி தூக்கிவிட்டு, பிறகு பிழைக்க மலாயா வந்து தண்டவாளம் போட்டவர்கள் ரயில்வே லைன் வீடுகளில் பலர் இருந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளிப் பதக்கம். முகப்பில் இங்கிலீஷ் ராஜாவின் தலை, விளிம்பில் அவரவர் பெயர். ஜப்பான்காரன் சோதனையில் அது அகப்பட்டால் ஆள் திரும்பி வரமாட்டான். அந்தப் பயத்தைத் தேடித்தான் இவன் வீடு வீடாகப் போனான். புதைத்து வைக்கிறேன், சண்டை முடிந்ததும் விளிம்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறேன் என்றான். நம்பிக் கொடுத்தார்கள். இவன் பெயர்களை அராவிவிட்டு, வெள்ளியைப் பத்தரிடம் அரிசிக்கு மாற்றினான். பெயரோடு வாங்கப் பத்தருக்குப் பயம்.

கன்னையா சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். “ராஜா தலையை நான் வச்சிருந்தா, என் தலையை ஜப்பான்காரன் வச்சிக்குவான் லா. பத்திரம் தம்பி. அதுல மட்டுந்தான் எம்பேரை எவனோ மரியாதையா எழுதியிருக்கான்.”

இப்போது அந்த விளிம்பு மழமழவென்று இருந்தது.

கதவு தட்டப்பட்டது. கன்னையாவின் மனைவி வள்ளியம்மா. பதக்கத்தைத் தொடைக்கடியில் தள்ளிவிட்டு, கதவைத் தள்ளுங்க என்றான். மதியத்திலிருந்து வீட்டுக்காரர் யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றாள். பேர் என்ன என்று கேட்டால் சும்மா பார்க்கிறார். நாளைக்கு ரயில் ஸ்டேஷனில் ஜப்பான்காரர்கள் பேர் கூப்பிடுவார்கள். பதில் சொல்லாதவனை, போனவர் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு லோரி ஏற்றிவிடுவார்கள்.

“கட்டினவர் பேரைச் சொல்லக்கூடாதுன்னு இத்தனை வருஷம் சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்லிடலாம்னு வாயைத் திறக்கிறேன். வரலை தம்பி. லைன்ல யாருக்குமே வரலை. அந்தப் பதக்கத்தைக் குடு. யாரையாச்சும் படிக்கச் சொல்றேன்.”

தொடைக்கடியில் வெள்ளி சுட்டது.

“புதைச்சுட்டேன் அக்கா. இப்பத் தோண்டினா யாராச்சும் பார்த்துடுவாங்க லா.”

அவள் போகவில்லை. வாசற்படியில் நின்றபடியே இருந்தாள். அராவுகிற சத்தம் சுவரை விட்டு நகர்ந்தது. பாய்க்கு வந்தது. முழங்காலுக்கு. பிறகு அது வெளியே எங்கும் இல்லை. அவன் பற்களுக்குப் பின்னால் இருந்தது.

கர்ர்.

வள்ளியம்மா அவனைக் கூப்பிட வாயெடுத்தாள். நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். அவள் பார்வை அவன் மேல் பட்டு, நிற்காமல், பின்சுவருக்குப் போனது.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தான். தன் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். எத்தனை முறை சொன்ன பெயர். நாக்கை அசைத்தான். நாக்கில் மணல். இல்லை, மணல் இல்லை. வாய் திறந்தது. உதட்டிலிருந்து வெள்ளித்தூள் கொட்டியது. மடியில் கொட்டியது. நிற்கவில்லை. அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், கன்னையாவின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு, மனம் வந்தால், முதல் வரியில் உள்ள பெயரையும்.