அட்டையில் இல்லாத பெயர்

நவம்பர் 13, வியாழன்.
இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாயப் பெட்டியின் விவர அட்டையில் எழுதக் கூடாத ஒரு வரியை எழுதிவிட்டேன். எழுதியபோது அது தவறென்று தெரியவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு லோஷினி பேனாவை மூடினாள். அடுத்த வரி ஒரு சோடிக் கண்களைப் பற்றி வர வேண்டும்... அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

நடந்தது இதுதான். மாலை ஏழு மணிக்கு ஜொகூர் பாருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைவீட்டின் இரண்டாம் மாடியில், ஆவணக் காப்பு மாலை வகுப்பில் லோஷினி மட்டும் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு சிறிய கண்காட்சி. ஜொகூர்த் தோட்டங்களில் மேஜிக் செய்து வாழ்ந்த தமிழர்களைப் பற்றி அவள் எட்டு மாதமாகச் சேர்த்தது எல்லாம் அதில் வைக்கப்படும். சேர்ந்தவை நான்கு புகைப்படங்கள், நகலெடுத்த சில நோட்டீஸ்கள், ஒரே ஒரு பெட்டி. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் அந்தப் பெட்டி மட்டும்தான்.

கதவு திறந்தது. மழைக்கு ஒதுங்க இடம் தேடி வந்த ஒருவன், தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்றான்.

"சாரி லா... பாலத்துல டிராபிக் ஜேம், கீழ ரோட்டெல்லாம் தண்ணி. அஞ்சு நிமிஷம் நின்னுக்கலாமா?"

சிரித்தான். இமை நுனியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. லோஷினி தன் கையிலிருந்த அளவுநாடாவை எதற்காக எடுத்தோம் என்பதையே மறந்துபோனாள்.

அவன் பார்வை அவளைக் கடந்து பெட்டிக்குப் போனது. பிறகு அட்டைக்கு. சிரிப்பு அணைந்தது.

"இத யாரு எழுதுனது?"

"நான்தான், லோஷினி... பிழை ஏதும் இருக்கா?"

"பிழையே இல்ல. அதான் பிரச்சன." அவன் உரக்க வாசித்தான். "'அடித்தட்டு இரண்டு. இடப்புறம் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள். ஆள் ஒளியும் இடம் இதுவே.' இது அட்டையா, போலீஸ் ரிப்போர்ட்டா? எங்கப்பா இருபத்தாறு வருஷம் மூடி வச்சத ஒரே வரியில தெறந்துட்டீங்களே!"

"உங்கப்பாவா...?"

"ஸ்டானிஸ்லாஸ். அந்தா, மூடியில பெயிண்ட்ல பேரு இருக்கு. அவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நான் ரயன், அவரு மகன். இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்கம்மாதான் குடுத்தாங்க. போன மாசம் எங்க டீச்சர் யோகேஸ்வரி தம்போய்ல இருக்கிற உங்க வீட்டுக்கே போயி வாங்கிட்டு வந்தாங்க."

"அம்மாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல... அலமாக்!"

லோஷினிக்கு முகம் சுட்டது. தொழிற்சாலையில் ஒரு திருகாணி கூடிக் குறைந்தாலும் கண்டுபிடித்து எழுதுவதுதான் அவள் வேலை. எழுதியதற்காக யாரும் அவளைத் திட்டியதில்லை.

"எப்படிச் செஞ்சாங்கன்னு எழுதாட்டா அம்பது வருஷம் கழிச்சு இது வெறும் பலகப் பெட்டிதானே?"

"எழுதிட்டா இன்னிக்கே வெறும் பலகப் பெட்டி."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"சனிக்கிழம வேன் கொண்டுட்டு வரேன். பெட்டி வீட்டுக்குப் போவுது." சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான்.

வெள்ளி முழுவதும் அவள் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. பெட்டி போனால் கண்காட்சியில் என்ன மிஞ்சும்? சுவரில் ஒட்டிய காகிதம். அப்படிப்பட்டவர்கள் வாழ்ந்தார்கள் என்று யார் நம்புவார்கள்? அட்டையைக் கிழித்துப் புதிதாக எழுதினாள். 'மேஜிக் கலைஞர் ஸ்டானிஸ்லாஸின் மாயப் பெட்டி. 1978 முதல் 2004 வரை.' அவ்வளவுதான். இதைப் பார்த்தாவது மனம் மாறுவானா?

சனிக்கிழமை ரயன் வந்தான். கூடவே அவன் அம்மா ஐலீன், மெலிந்து நிமிர்ந்த உடம்பு, அறுபத்தெட்டு வயது. படியேறியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

ரயன் புது அட்டையைப் படித்தான். முகம் இளகியது. "மாத்திட்டீங்களா..."

"தப்பு என்னோடதுதான்," என்றாள் லோஷினி. "கேக்காம எழுதியிருக்கக் கூடாது."

ஐலீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை.

"ஏம்மா, நான் எங்க?"

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆண்ட்டி...?"

"இருபத்தாறு வருஷம் இதுக்குள்ள யாரு கெடந்தா? சாஆன்னு ஒரு தோட்டம், அங்க சம்பள நாள் ஷோ. இவரு வெளிய நின்னு தொப்பியக் கழட்டுவாரு. சனம் கை தட்டும். நான் உள்ள முட்டிய மடக்கி மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருப்பேன். ரயனு வயித்துல இருந்தப்பகூட அஞ்சு மாசம் வரைக்கும் எறங்குனேன்."

"மா, அப்பா ரகசியத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு..."

"தாழ்ப்பாள் எந்தத் தச்சன் வேணாலும் போடுவான்டா. அதுக்குள்ள மடங்கத் தெரிஞ்சது எனக்கு மட்டும்தான். அப்பா பேரக் காப்பாத்துறேன் காப்பாத்துறேன்னு நீயும் இத்தன வருஷமா என்னிய உள்ளயே வச்சிப் பூட்டுற. அதான் உங்கிட்ட கேக்காமக் குடுத்தேன். இங்கயாவது யாராச்சும் எழுதுவாங்கன்னு பாத்தா..."

ரயன் தலைகுனிந்தான். லோஷினி அளந்தாள், எடை போட்டாள், தாழ்ப்பாளைக்கூட எண்ணினாள். உள்ளே இருந்தது யார் என்று மட்டும் கேட்கவே இல்லை.

"ஆண்ட்டி, ஒண்ணு செய்யலாமா? எப்படி வேலை செய்யுதுங்கிறத ஒரு உறையில போட்டு ஒட்டிடுவோம். மேல உங்க கையெழுத்து. மேஜிக் செய்றவங்க கேட்டா மட்டும், உங்க சம்மதத்தோட திறக்கலாம். வெளி அட்டையில... ரெண்டு பேரு."

ஐலீன் மகனைப் பார்த்தார். ரயன் லோஷினியின் கையிலிருந்த பேனாவை வாங்கி, தன் கையாலேயே 'ஐலீன்' என்று எழுதினான். அப்பா பெயருக்குக் கீழே அல்ல... அருகில்.

"எழுத்து கோணலா இருக்கு," என்றார் ஐலீன், கண்ணைத் துடைத்தபடி. "நான் கீழ டீக்கடையில ஒரு தே தாரிக் குடிக்கிறேன். நீங்க மெதுவா வாங்க."

அவர் படியிறங்கிப் போனார்.

"வியாழக்கிழம கோவமாப் போனேன்ல..." ரயன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். "போவல. கீழ கடை வாசல் அஞ்சடி நடைபாதையில நின்னேன். மழை விட்டுடுச்சு. நான் முக்கா மணி நேரம் நின்னுக்கிட்டே இருந்தேன்."

"எதுக்கு?"

"மேல வந்து சாரி சொல்லத்தான். தைரியம் வரல. இப்ப வந்துருச்சு... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, லோஷினி."

"நான்... எதையும் மூணு தடவ சரிபாக்காமச் சொல்ல மாட்டேன்."

"பாருங்க. அவசரமில்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறை பார்வையை எடுக்கவே இல்லை.

"சரியாத்தான் இருக்கு... எனக்கும் பிடிச்சிருக்கு."

நவம்பர் 15, சனி.
நாளை: ஐலீன் ஆண்ட்டி தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து பதினோரு மணிக்கு வருவார். குரல் பதிவுக் கருவிக்குப் புது பேட்டரி போட வேண்டும். அவர் முதல்முறை பெட்டிக்குள் இறங்கிய நாளிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்.