ஆலய வாசலில் ஒரு ஃபிளாஸ்க் காப்பி

"இன்னிக்குமா? பெத்த பொண்ணு கல்யாணத்தன்னிக்குமா!"

அர்வில்லா ஏப்ரன் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை ஜன்னல்களைப் படார் படார் என்று திறந்தாள். மருமகள் நெட்ரா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காப்பியை மெதுவாக ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

"அந்த உடுப்பு லேஸ்ல வாடை ஏறிச்சுன்னா என்ன பண்றது? ஆலயத்துக்குள்ள காப்பி நாத்தத்தோடயா கூட்டிட்டுப் போறது?" சாப்பாட்டறைக் கதவில் தொங்கிய கல்யாண உடுப்பை அர்வில்லா அவசரமாகத் தூக்கி மாடிப்படிப் பக்கம் கொண்டுபோனாள். "காப்பி ஆகாதுங்கற நம்ம சபையில அத வாங்குற பொம்பள நீ ஒருத்திதான். கடைக்காரன் உனக்குன்னே டின் வரவழைக்கிறானாம். நேத்துகூட என்கிட்ட சொல்லிச் சிரிச்சான்!"

"நான் கொல்லைப்பக்கம் போய்க் குடிச்சுக்கறேன் அத்தை."

"குடிக்காம இருந்துடுவேன்னு மட்டும் சொல்லிடாத!"

தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு ஷானா இறங்கி வந்தாள். கல்யாணப் பெண்ணின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

"ஒரு வருஷமா கெஞ்சினேம்மா... காப்பிய மட்டும் விட்டிருந்தா பிஷப் உனக்கும் ஆலயத்துக்குள்ள வர சீட்டு குடுத்திருப்பாரு. நீ என் பக்கத்துல உக்காந்திருப்ப. எனக்கு மாமியாரா வரப்போற கென்ட்டோட அம்மா கேக்கறாங்க, உங்கம்மாவுக்கு எந்த வரிசைல நாற்காலி போடணும்னு. அவங்க வெளியில புல்தரைல உக்காந்திருப்பாங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?"

"எனக்கு வெளியில இருந்து பழக்கம்தான் கண்ணு. நீ அழாத, கண்ணு சிவந்திடும்."

"உனக்கு என்னவிட அந்த ஒரு கப்புதானே பெருசு!"

பின்கதவு திறந்தது. வான்கோழிக் கொட்டகையிலிருந்து டெல்மார் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மகளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"விடும்மா ஷானா. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

திட்டியிருந்தால்கூட நெட்ரா தாங்கியிருப்பாள். அந்த அலுப்புத்தான் அவளைக் கொன்றது.

டெல்மாரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. கல்யாணமான புதிதில் அவன் அவளை ஆலயத்துக்குக் கூட்டிப்போக எவ்வளவு ஆசையாக இருந்தான்! நெட்ராவின் அப்பா சாகக் கிடந்ததால் கல்யாணத்தை அவசரமாக வீட்டுக் கூடத்திலேயே முடித்தார்கள். ஒரு வருஷம் கழித்து ஆலயத்துக்குப் போய் நித்தியத்துக்கும் கணவன் மனைவியாக முத்திரிக்கப்படுவது என்று ஏற்பாடு. மோர்மன் சபையில் பிறந்தவர்களுக்கு அதுதான் கல்யாணம். கூடத்தில் நடப்பது சாவோடு முடிந்துபோகும். முத்திரிக்கப்படாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் மறுமையில் யாரோடும் சேராமல் தனித்து நிற்கும். "என் பேரப்பிள்ளைங்க அந்தரத்துல நிக்குதுங்க" என்று அர்வில்லா சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கல்யாணமாகி இரண்டு வாரத்தில் அப்பா இறந்தார். அதற்கு முந்தின நாள் மத்தியானம் நெட்ராவை மட்டும் கட்டிலருகே கூப்பிட்டார். மிசௌரியிலிருந்து வந்து சபையில் சேர்ந்த மனிதர் அவர்.

"எங்கம்மாவப் பெத்தவ கறுப்பு இனத்துப் பொம்பள, நெட்ரா. அடிமையா இருந்தவ. இங்க யாருக்கும் தெரியாது. எனக்குச் சாகப் பயமாயிருக்கும்மா..."

அவர் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். தூக்கிக்கொள்ள இவள் இருந்தாள்!

கறுப்பு வம்சத்து ரத்தம் ஒரு சொட்டு இருந்தாலும் சபையில் ஆணுக்குச் சடங்கு நடத்தும் ஆசாரியத்துவம் கிடையாது, பெண்ணுக்கு ஆலயம் கிடையாது. அதுதான் சட்டம். ஏன் என்று கேட்டால் விளக்கம் சொல்ல அர்வில்லா இருந்தாள். சபையில் சிறுவர் வகுப்பு எடுப்பவள் அவள்தான். பின்னாளில் மகன் ரீட் எட்டு வயதில் கையில் பிஸ்கட்டோடு வந்து நெட்ராவிடம் ஒப்பித்தான்: "காயீன் தம்பியக் கொன்னான்ல, அதுக்கு ஆண்டவர் போட்ட சாபம்தாம்மா கறுப்புத் தோல். பொறக்கறதுக்கு முன்னாடி பரலோகத்துல ஒரு சண்டை நடந்துச்சாம். அதுல அரைமனசா நின்னவங்கதான் அந்த வம்சத்துல வந்து பொறப்பாங்களாம். பாட்டி சொன்னாங்க." பிள்ளையின் வாயோரத்துப் பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டு நெட்ரா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளே பதினாறு வயதில் கோத்திர ஆசீர்வாதம் வாங்கியவள். கிழவர் ஒருவர் தலைமேல் கைவைத்து, நீ ஆண்டவர் தெரிந்துகொண்ட எப்பிராயீம் கோத்திரத்துப் பெண் என்று கணீரென்று சொன்னார். அந்தக் கைக்கு எதுவும் தெரியவில்லை போலும்.

ஆலயத்துக்குப் போகவேண்டிய அந்த முதல் வருஷ முடிவிலேயே நெட்ரா இதையெல்லாம் யோசித்துப் பார்த்திருந்தாள். உண்மையைச் சொன்னால்? பிறக்கப்போகும் மகன் பன்னிரண்டு வயதில் மற்ற பையன்களோடு ஆராதனையில் அப்பத்தட்டை ஏந்தி வர முடியாது. வேதம் பரப்பும் ஊழியத்துக்குப் போக முடியாது. மகள் பிறந்தால் அவளுக்கு ஆலயக் கல்யாணம் இல்லை. சொல்லாமல் உள்ளே போனால்? ஆண்டவரின் வீட்டுக்குள் பொய்யோடு நுழைவதா! யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். ஆண்டவரே, அந்தச் சாபம் நிஜமானால் என்னோடு நிற்கட்டும். நான் வெளியே நிற்கிறேன், என் பிள்ளைகளை உள்ளே விடும்.

காரணம் சொல்ல வேண்டுமே! பிஷப் கேட்டபோது, "நான் காப்பி குடிக்கிறேன்" என்றாள். அன்றுவரை அவள் காப்பியைத் தொட்டதில்லை. காப்பி சபைக்கு ஆகாது. குடிப்பவருக்கு ஆலயச் சீட்டு கிடையாது. திரும்பும் வழியிலேயே கடையில் ஒரு டின் வாங்கினாள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே! முதல் வாய் குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். மறுநாளும் விழுங்கினாள்.

ஒரு கப் காப்பிக்காகப் புருஷனோடு நித்தியத்தை வேண்டாமென்றவள் என்று ஊர் பேசியது. டெல்மார் ஆரம்பத்தில் கெஞ்சினான், பிறகு கோபித்தான், கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டான். பிள்ளைகள் மட்டும் குறையில்லாமல் வளர்ந்தார்கள். ரீட் இப்போது பிரேசிலில் ஊழியத்தில் இருந்தான். ஒருமுறை எழுதியிருந்தான்: நல்ல குடும்பம் ஒன்றுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம், அந்த அம்மாளின் பாட்டி படத்தைச் சுவரில் பார்த்தோம், அதோடு அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டோம் என்று. நெட்ரா அன்று பாத்திரம் தேய்க்கும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

எல்லோரும் மேன்டை ஊர்க் குன்றின்மேல் இருக்கும் ஆலயத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஷானா உடுப்புப் பையைச் சுமந்துகொண்டு திரும்பிப் பாராமல் உள்ளே போனாள். அர்வில்லா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொஞ்சம் உயரமாகவே பிடித்துக்கொண்டு போனாள். டெல்மார் ஒரு விநாடி தயங்கினான்.

"கார் நிழல்ல நிக்குது. ரேடியோ வேணும்னா போட்டுக்க" என்றான். கதவு சாத்திக்கொண்டது.

நெட்ரா காரில் உட்கார்ந்தாள். உள்ளே இப்போது மகள் மண்டியிட்டிருப்பாள். எதிரே மாப்பிள்ளை கென்ட். ஷானாவின் தலைமுக்காட்டை யார் சரிசெய்வார்கள்? அது அம்மாவின் வேலை. கென்ட்டின் அம்மா செய்வாள். தங்கமான பொம்பளை, நன்றாகத்தான் செய்வாள்.

ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் அதை நிறுத்திவிட்டு அறிவிப்பாளர் பேசினார். சபையின் தலைமையிடமான சால்ட் லேக்கிலிருந்து செய்தி. சபைத் தலைவரான தீர்க்கதரிசிக்கு ஆண்டவரின் வெளிப்பாடு அருளப்பட்டிருக்கிறது. இனி, தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும், இனமோ நிறமோ பாராமல், ஆசாரியத்துவம் உண்டு. ஆலயத்தின் ஆசீர்வாதங்களும் உண்டு.

அவ்வளவுதான். மறுபடியும் பாட்டு வந்துவிட்டது.

நெட்ரா சந்தோஷம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. இத்தனை வருஷக் களைப்பும் ஒரேயடியாகக் கைகால்களில் இறங்கியது. ஒரு பாட்டை நிறுத்துகிற நேரத்தில் முடிந்துபோகிற காரியமா இது? இதற்கா என் புருஷனின் பேச்சை இழந்தேன்? இதற்கா என் மகள் என்னை...

கதவு திறந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வெள்ளை உடுப்பில் ஷானா, பக்கத்தில் கென்ட். அதற்குள் படியோரம் இருந்த பெண்கள் சேதியைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அர்வில்லா முகம் வெளிறி, காரை நோக்கி விறுவிறுவென்று வந்தாள்.

"கேட்டியா நெட்ரா, கேட்டியா! காயீன் வம்சத்துக்குக் கதவத் தொறந்துட்டாங்களாம்! தீர்க்கதரிசி சொன்னா சரிதான், நான் மறுத்துப் பேச மாட்டேன்... ஆனாலும் என் மனசு ஆறலையே! நல்லவேளை, நம்ம ஷானா கல்யாணம் முன்னாடியே முடிஞ்சுது. இனிமே அவங்க யாரு, நாம யாருன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது அத்தை" என்றாள் நெட்ரா. "இத்தன வருஷமும் உங்களுக்குத் தெரியல."

"என்னடி சொல்ற?"

"எங்கப்பாவோட பாட்டி கறுப்பு இனத்துப் பொம்பள. அடிமையா இருந்தவ. நீங்க சொல்ற அந்த வம்சம்தான் நான்."

அர்வில்லா காரிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். பின்னால் வந்த டெல்மார் கேட்டுவிட்டான். ஷானாவும் கேட்டுவிட்டாள்.  ஷானாதான் முதலில் முணுமுணுத்தாள்.

"அம்மா... அப்ப காப்பி?"

"பிஷப்கிட்ட ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்துச்சு கண்ணு. உண்மையச் சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் கதவு சாத்திடுவாங்க. சொல்லாம நுழைய எனக்கு மனசு வரல. அதான் நான் வெளிய நின்னுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" டெல்மாரின் குரல் உடைந்தது. "நான் உன் புருஷன் நெட்ரா! எத்தன தடவ கேட்டேன்... என்கூட நித்தியத்துக்கும் வர உனக்கு இஷ்டமில்லன்னுல்ல நெனச்சேன்! உன் முகத்தப் பாக்கவே..."

"சொன்னா நீங்க என்னங்க பண்ணியிருப்பீங்க? பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நேரா போய் பிஷப்கிட்ட சொல்லியிருப்பீங்க. நம்ம பையன் சபையில எல்லாருக்கும் முன்னாடி தலை குனிஞ்சு நின்னிருப்பான்."

  கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பிறகு குனிந்து, இருக்கையிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்தான். மூடியில் காப்பியை ஊற்றினான்.

"டெல்மார்! ஆலய வாசல்ல..." என்று பதறினாள் அர்வில்லா.

அவன் குடித்தான். சொந்தக்காரர்கள் பார்க்க, கென்ட்டின் அப்பா அம்மா பார்க்க, ஆண்டவரின் வீட்டுக்கு எதிரே நின்று மூடியைக் காலி செய்தான். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"இதையா... தினமும் எப்படிம்மா குடிச்ச?"

"எனக்கு இது ஒருநாளும் பிடிச்சதில்லைங்க" என்றாள் நெட்ரா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஷானா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "எந்த வாயால அப்படிக் கேட்டேன் காலையில... என்னை அடிம்மா, அடிச்சுடு!" என்று தேம்பினாள். நெட்ரா மகளின் முக்காட்டை விலக்கிக் கண்ணைத் துடைத்தாள், கலைந்திருந்ததைச் சரிசெய்தாள். காலையில் செய்யக் கிடைக்காத வேலை.

"வர்ற வாரமே பிஷப்பப் பாத்துடலாம்" என்றான் டெல்மார். "நாம சேர்ந்து உள்ள போலாம். முத்திரிச்சுக்கலாம். ரீட் வந்ததும் பிள்ளைங்களும் நம்மளோட..."

நெட்ரா ஆலயத்தை அண்ணாந்து பார்த்தாள். அழகான கட்டடம்தான்.

"அவங்க நெனச்சப்ப பூட்டினாங்க, நெனச்சப்ப திறந்தாங்க. தப்புன்னு ஒரு வார்த்தை அந்த ரேடியோவுல வரலைங்க. எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. நான் நெனக்கறப்ப வர்றேன். அதுவரைக்கும் காத்திருப்பீங்களா?"

"காத்திருக்கேன். இங்கயே, வெளியில. உன்கூட."

போட்டோக்காரர் புல்தரையிலிருந்து கூப்பிட்டார். பெண்ணின் அம்மா நடுவில் நிற்க வேண்டுமாம். நெட்ரா நடந்துபோனாள், ஆனால் நிற்கவில்லை. ஸ்கர்ட்டை ஒதுக்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இப்படியே உக்காந்துக்கறேன். நின்னது போதும்."

டெல்மார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷானாவும் மடங்கி உட்காரப் போனாள்.

"உடுப்பு! புல்லுக் கறை போகாதுடி!" என்று அர்வில்லாவின் வாயிலிருந்து தானாகவே வந்தது.

ஷானா அம்மாவின் தோளில் சாய்ந்து வெள்ளை உடுப்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கென்ட்டும் உட்கார்ந்தான். நின்றவள் அர்வில்லா ஒருத்திதான். போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். நெட்ரா மாமியாரைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டாள்.

அர்வில்லா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்த இடத்தில் இறங்கி உட்கார்ந்தாள்.