தொட்டிலுக்கடியில் வைத்த தட்டு

ஹெப்சிபா கொண்டுவந்த மூன்று தட்டுகளில் இரண்டு ஒழுங்காக இருந்தன. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஸ்ரீராம்குமார் சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏம்மா, செகண்ட் இயர் வந்தாச்சு. தட்டுல கை படக்கூடாதுன்னு இன்னுமா சொல்லணும்?"

"நான் தொடல சார்."

"பின்ன யாரு தொட்டா? திரும்பப் பண்ணு."

பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு அது சின்னப் பயிற்சிதான். ஜெல்லி உறைந்த வட்டத் தட்டை வீட்டில் அரை மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். காற்றிலுள்ள கிருமிகள் அதில் விழும். மூடிக் கொண்டுவந்து கல்லூரிச் சூட்டுப்பெட்டியில் ஒரு நாள் வைத்தால் விழுந்த இடத்திலெல்லாம் வெள்ளைப் புள்ளி முளைக்கும். கூடத்துத் தட்டிலும் அடுப்படித் தட்டிலும் ரவை சிந்தியதுபோல் அப்படித்தான் முளைத்திருந்தது. அக்காவின் அறை ஜன்னலில் வைத்த தட்டில் மட்டும் ஐந்து விரல்நுனிகள். வெளியிலிருந்து யாரோ கையை நீட்டி ஊன்றிய மாதிரி இருந்தன. அந்த ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது.

கோச்சடை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவைப் பிடித்துக்கொண்டாள். ஜெஸி தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பையன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது.

"அக்கா, என் தட்டத் தொட்டியா?"

"பிள்ளையத் தூக்கவே எனக்குக் கை பத்தல. உன் தட்டத் தொடுறது ஒண்ணுதான் குறைச்சலாக்கும்."

அவள் எரிச்சலிலும் நியாயம் இருந்தது. பையன் பகலெல்லாம் சமர்த்து. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், வீட்டை இரண்டாக்கிவிடுவான். முகம் நீலம் பாரிக்கும். டாக்டர் சொட்டு மருந்து எழுதிப் பார்த்தார், அம்மா அற்புதமேரி ஜெபம் பண்ணி நெற்றியில் எண்ணெய் தடவிப் பார்த்தாள். அழுகையும் நிற்கவில்லை, பாலும் இறங்கவில்லை. இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஹெப்சிபாவுக்கோ அவன் என்றால் உயிர்.

இந்தத் தடவை தட்டைத் தொட்டிலுக்கு நேர் கீழே தரையில் வைத்துவிட்டு, அறை வாசற்படியிலேயே உட்கார்ந்து கண் கொட்டாமல் காவல் காத்தாள். யாரும் கிட்டே போகவில்லை. அழுகிய திராட்சை வாடை மட்டும் ஒருதரம் அறைக்குள் வந்து போனது.

கல்லூரிச் சூட்டுப்பெட்டியில் ஒரு நாள் வைத்து எடுத்தபோது அதில் முழுக் கையே முளைத்திருந்தது. தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்ட ஒல்லி விரல்கள். நம் விரலில் மூன்று கணு. இதில் நான்கு. சாரிடம் காட்டாமல் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

அக்காவை டாக்டரிடம் காட்ட அம்மா ஆட்டோவோடு தயாராக நின்றாள். "அரை மணி நேரந்தான்டி, இந்தா வந்துர்றோம். பிள்ளையப் பார்த்துக்கோ."

வீடு அடங்கியது. பக்கத்து வீட்டு மோட்டார் உறுமி ஓய்ந்ததும், மேலக்கால் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் தேய்ந்து மறைந்ததும், குழந்தையைக் குளிப்பாட்டிப் போட்ட சாம்பிராணிப் புகையின் மிச்சத்தோடு வைகைப் பக்கத்துச் சேற்று வாசம் ஜன்னல் வழியே இறங்கியதும், கொக்கியில் தொட்டில் கிறீச், கிறீச் என்று ஆடிக்கொண்டிருந்ததும் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெளிச்சம் மங்கியது. எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டாள்.

தொட்டில் நின்றது.

தானாக ஓய்ந்து நிற்கவில்லை. ஆடிய ஆட்டத்திலேயே, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நின்றது. திராட்சை வாடை. பையன் வீறிட்டான்.

ஓடிப்போய்ச் சேலையை விலக்கினாள். அவன் வலது கை மேலே தூக்கியிருந்தது. பச்சைக் குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும் என்று போன மாதம்தான் பாடத்தில் வந்தது. அவன் அப்படித்தான் பற்றியிருந்தான். ஆனால் கைக்குள் ஒன்றும் இல்லை. மூடிய விரல்களுக்கு நடுவே ஒரு விரல் பருமனுக்கு இடைவெளி.

அவள் பயத்தில் செத்தே போனாள். ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை.

"அவன விட்டுரு," என்றாள். மறுபடி சொன்னாள். "பால்குடிப் பிள்ளை. விட்டுரு. வேணும்னா என் கையப் பிடிச்சுக்கோ."

வலது கையை நீட்டி, அந்த இடைவெளிக்குள் விரலை விட்டாள். உள்ளே சில்லென்று இருந்தது. பிறகு அந்தச் சில்லிப்பு இல்லை. பையனின் விரல்கள் அவள் விரலைச் சுற்றி இறுகின. அழுகை அடங்கியது. தொட்டில் மெல்ல நேரானது.

திரும்பப் பண்ணக் கொடுத்த தட்டுகளில் மீதி இரண்டு பையில் இருந்தன. ஒன்றில் பையனின் உள்ளங்கையை ஒற்றினாள். ஒன்றைச் சோதித்தால் ஒப்பிட இன்னொன்று வேண்டும் என்று சார் எப்போதும் சொல்வார். இன்னொன்றில் தன் விரல்களை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு பையன் அழவில்லை. அடுத்த இரண்டு சாயங்காலமும் அவள் மடியிலேயே தூங்கினான்.

மூன்றாம் நாள் காலையில் சூட்டுப்பெட்டியைத் திறந்து அவன் தட்டை எடுத்தாள். குட்டிக் கை. அதற்குள் நாலைந்து சாதாரணப் புள்ளிகள். வேறு எதுவும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பால் எம்புட்டுக் குடிக்கிறான் தெரியுமா! வெயிட்டும் கூடிருச்சு. உன் கைராசிதான்டி. சீக்கிரம் வந்து தூக்கு, உன்னத்தான் தேடுறான்."

"வாரேன்க்கா."

போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தன் தட்டைத் திறந்தாள்.

அவள் விரல்கள் பதிந்திருந்தன. குட்டையாய், தெளிவாய். ஒவ்வொரு இடுக்கிலும் இன்னொரு விரல். ஒல்லியாய். நான்கு கணுவோடு. அவள் கையோடு கை கோத்து.

திராட்சை வாடை. தட்டிலிருந்து வரவில்லை.

"ஏய் ஹெப்சி, இருக்கியா?"

மேஜைமேல் வலது கை விரித்தபடி கிடந்தது. எப்போதிலிருந்து விரித்தே வைத்திருக்கிறாள்? தெரியவில்லை. விரல்களைச் சேர்க்கப் பார்த்தாள்.

சேரவில்லை. இடுக்குகளில் சில்லென்று ஏதோ மெல்ல இறுகியது.